நிலுவையில் உள்ள பல்

ருஃபினோ கொந்தார்க்கோவுக்கு நாற்பத்து நான்காவது வயதில் ஞானப்பல் முளைத்தது. முளைத்தது என்று சொல்வதே அதிகம். கீழ்த்தாடையில் இடப்பக்கம், ஈறுக்கு அடியில், அது குறுக்காகப் படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை முட்டியது. வெளியே வந்து தொலையவும் இல்லை, உள்ளே சும்மா கிடக்கவும் இல்லை. கன்னம் வீங்கி, கண்ணே ஒரு பக்கம் சின்னதாகிவிட்டது.

வேறு யாராவதாக இருந்தால் கோக்கா இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு நாளைக் கடத்தியிருக்கலாம். ருஃபினோ, ஒருரோ என்ற மலையூரின் நகராட்சி பேண்டில் முதல் ட்ரம்பெட். பதினெட்டு வருஷம் மூன்றாவதாகவும் இரண்டாவதாகவும் உட்கார்ந்து ஊதி, போன நவம்பரில்தான் அந்த முதல் நாற்காலி அவனுக்கு வந்தது. இப்போது வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தால் காது வரைக்கும் வலி பாய்ந்தது.

பேண்ட் மாஸ்டர் ஒருநாள் பொறுத்தார், இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் சொல்லிவிட்டார்.

"இங்க பாரு ருஃபினோ, பெட்டியோட பொன்விழாவுக்கு ஆறு வாரம்தான் இருக்கு. நடுவுல வர்ற தனி வாசிப்பு உன்னோடது. உன்னால முடியலேன்னா ஃப்ரெடி ஊதட்டும். ஃப்ரெடி ஊதினா நாற்காலியும் ஃப்ரெடிக்குத்தான். அப்புறம் என்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத."

ஃப்ரெடி மேயரின் மச்சான். அவனுக்குப் பல்லெல்லாம் நன்றாக இருந்தது, காதுதான் கொஞ்சம் சரியில்லை.

பெட்டி என்பது நகராட்சி ஊழியர் நலக் காப்புப் பெட்டி. நகராட்சியில் வேலை பார்க்கிறவனுக்குத் தலைவலியானாலும் குடலிறக்கமானாலும் அங்கேதான் போக வேண்டும். ருஃபினோ சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியபோது அவன் மனைவி நில்டா வாசலில் நின்று, "பெட்டிக்கா போறீங்க? போங்க. ஆனா நடந்தே திரும்பி வாங்க, பெட்டியில வெச்சுத் தூக்கிட்டு வர்ற மாதிரி பண்ணிடாதீங்க" என்றாள்.

பெட்டியில் மொத்தம் பதினேழு டாக்டர்கள். அந்த ஊரில் வக்கீலையும் டாக்டர் என்றுதான் கூப்பிட வேண்டும், கணக்குப் படித்து மேலதிகாரியானவரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பதினேழு பேரில் மருந்து மாத்திரை தெரிந்தவர்கள் நான்கு பேர். அந்த நால்வரில் ஒருத்தி பல் டாக்டர் மிர்த்தா. அவள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அரை மணி நேர வேலை. மரத்துப் போக ஊசி போட்டு, ரெண்டு துண்டா அறுத்து எடுத்துடலாம். இப்பவே எடுத்துடுவேன், ஆனா ஏழாம் ஜன்னல்ல அனுமதி வாங்கணும். ஓடிப்போய் வாங்கிட்டு வாங்க, ஊசிய எடுத்து வைக்கறேன்" என்றாள். ஒரு சீட்டில், 'இடது கீழ் ஹுயிசியோ பல், அகற்றவும்' என்று எழுதிக் கொடுத்தாள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாம் ஞானப்பல் என்பதை அங்கே ஹுயிசியோ பல் என்பார்கள். ஹுயிசியோ என்றால் புத்தி. கோர்ட்டில் நடக்கும் வழக்குக்கும் அவர்கள் பாஷையில் ஹுயிசியோ என்றுதான் பெயர். ஒரே சொல்லாக இருந்தாலும் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது கோர்ட்டுக்குப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். ஏழாம் ஜன்னலுக்குத் தெரியாது.

ஏழாம் ஜன்னலில் லூர்தெஸ் மேடம் சால்டேனா என்ற கறிப் பணியாரம் ஒன்றைக் கடித்து, உள்ளேயிருந்த குழம்பு சிந்தாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தார். அது முடியும் வரைக்கும் ருஃபினோ காத்திருந்தான். பிறகு அவர் விரலைத் துடைத்துவிட்டுச் சீட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் ஒரே ஒரு சொல்லை மட்டும் தட்டினார்.

"உங்களுக்கு ஹுயிசியோ இருக்கே."

"ஆமாங்க மேடம், வாயில இருக்கு."

"எங்க இருந்தா என்ன? இருக்கா, இல்லையா?"

"இருக்குங்க. அதை எடுக்கத்தான்..."

"அப்ப நீங்களே ஒத்துக்கறீங்க." ஒரு முத்திரை விழுந்தது. "நாலாவது மாடி. டாக்டர் குவால்பெர்த்தோவைப் பாருங்க. அடுத்த ஆள்!"

டாக்டர் என்றதும் ருஃபினோவுக்குச் சந்தோஷமாகிவிட்டது. பெரிய கேஸ் என்று நினைத்துத்தான் பெரிய டாக்டரிடம் அனுப்புகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு மாடி ஏறினான். நாலாவது மாடி அறையில் கத்தியும் இல்லை, விளக்கும் இல்லை, சுவர் நிறையத் தடித்தடியான புத்தகங்கள் இருந்தன. நிறையப் படித்தவர் போலிருக்கிறது என்று நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்து, முடிந்தவரைக்கும் வாயைத் திறந்தான்.

டாக்டர் குவால்பெர்த்தோ முப்பது வருஷமாக வக்கீல். எதிரே இருப்பவன் காட்டுவது தனக்குப் புரியவில்லை என்று அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஆகவே கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து வாய்க்குள் பார்த்தார்.

"ம்ம். எத்தனை நாளா இந்த ஹுயிசியோ நடக்குது?"

"ஒரு வாரமா டாக்டர்."

"எதிர்த்தரப்பு?"

"பக்கத்துல இருக்கறதுதான் டாக்டர். இது போய் முட்டிக்கிட்டே இருக்கு."

"எல்லைத் தகராறு." டாக்டர் திருப்தியாக எழுதிக்கொண்டார். "எப்பவும் பக்கத்துல இருக்கறவன்தான். வேர் எதுவரைக்கும் போகுது?"

"நரம்பு வரைக்கும் போயிருக்காம். வளைஞ்ச வேராம்."

"யார் சொன்னது?"

"டாக்டர் மிர்த்தா."

"அந்தம்மா எந்தக் கோர்ட்டு?"

ருஃபினோ வாயை மூடிக்கொண்டான்.

"டாக்டர், நீங்க பல் டாக்டர்தானே?"

"நான் சட்டத்துல டாக்டர்."

"அப்புறம் என் வாய்க்குள்ள இவ்வளவு நேரம் என்ன பாத்தீங்க?"

"கட்சிக்காரர் எதைக் காட்டினாலும் பாக்கறது என் கடமை" என்றார் டாக்டர், கொஞ்சமும் அசராமல்.

ருஃபினோ எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். எக்ஸ்ரேயைக் காட்டினான். டாக்டர் குவால்பெர்த்தோ பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஒரு புத்தகத்தை இறக்கிப் பதினான்காவது விதியைப் படித்தார். எவரிடத்தில் ஹுயிசியோ நிலுவையில் உள்ளதோ, அவருக்குத் தீர்ப்பு வரும்வரை பெட்டி எந்த வைத்தியமும் செய்யலாகாது. தகராறுக்கு உரிய பொருளை யாரும் தொடவோ நகர்த்தவோ கூடாது.

"டாக்டர், இது பல்லு!"

"பல்லுன்னு எனக்குத் தெரியாதா? எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா கீழ லூர்தெஸ் ஃபைல் நம்பர் போட்டுட்டா. நம்பர் போட்ட பிறகு அது எப்படி பல்லா இருக்க முடியும்? நீங்களே யோசிங்க. தப்புன்னு சொன்னா லூர்தெஸ் தப்புன்னு ஆகும், லூர்தெஸ் தப்புன்னா அவளுக்கு மேல கையெழுத்துப் போட்டவர் தப்புன்னு ஆகும், அப்படியே போனா கடைசியில டைரக்டர்ல போய் நிக்கும். ஒரு பல்லுக்காக டைரக்டர் வரைக்கும் போகணுமா?"

அன்று வீட்டில் நில்டா கினுவா கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். உப்புக்கண்டம் போட்டு வறுத்த சோளத்தை அவன் எதிரிலேயே தான் மட்டும் தின்றாள், அதற்காக வருத்தமும் பட்டாள். கதையைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது.

"பேரை மாத்தி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. ஹுயிசியோங்கற வார்த்தைதானே அவங்களுக்குப் பிரச்சனை? அந்த டாக்டரம்மாவுக்குப் படிச்ச வார்த்தை ஏதாவது தெரியாமலா இருக்கும்?"

மிர்த்தாவுக்குத் தெரிந்திருந்தது. 'மூன்றாம் கடைவாய்ப்பல், அகற்றவும்' என்று புதுச் சீட்டு எழுதினாள். அதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது, பேண்ட் ஒத்திகையில் ஃப்ரெடி முதல் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டான். லூர்தெஸ் மேடம் சீட்டை இரண்டு முறை படித்தார்.

"மூணாவதா? முதல் ரெண்டுக்கு அனுமதி வாங்கின சீட்டு எங்க?"

"முதல் ரெண்டும் நல்லா இருக்குங்க மேடம். அதை எடுக்க வேண்டாம்."

"வரிசைன்னு ஒண்ணு இருக்கு. முதல் ரெண்டும் காத்திருக்கும்போது மூணாவது எப்படி உள்ள வரும்? நாளைக்கு அதுங்க சார்பா யாராவது புகார் குடுத்தா நானா பதில் சொல்றது?"

"பல்லு புகார் குடுக்குமா மேடம்?"

"இந்த ஜன்னல்ல யார் யார் வந்து நின்னிருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது" என்றார் லூர்தெஸ் மேடம். இரண்டு சீட்டையும் சேர்த்துத் தைத்து நாலாவது மாடிக்கு அனுப்பினார். இப்போது ஒரே வாய்க்கு இரண்டு ஃபைல் ஆகிவிட்டது.

இரண்டு ஃபைல் ஆனதால் விசாரணை வைத்தார்கள். ருஃபினோவுக்குக் காய்ச்சல் அடித்தது. கழுத்தில் நில்டாவின் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு போனான். நீள மேசையின் தலைமாட்டில் டைரக்டர் டாக்டர் வில்ஃபிரெதோ, பக்கத்தில் டாக்டர் குவால்பெர்த்தோ. எதிர்த்தரப்பு ஆஜராகாத வழக்கில் அதற்கு ஒரு வக்கீலை வைக்க வேண்டும் என்று விதி இருந்ததால், பல்லுக்கும் ஒரு டாக்டரை நியமித்திருந்தார்கள். அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பேசினார்.

"என் கட்சிக்காரர் நாப்பத்தி நாலு வருஷமா அதே இடத்துல இருக்கார். ஒருநாள் கூட வெளிய தலைகாட்டினதில்லை. ஒரு ரொட்டித் துண்டைக் கூட மென்னு குடுத்ததில்லை. எந்த வேலையும் செய்யாம, இருந்த இடத்தை விட்டு அசையாம, பக்கத்துல வேலை செய்யறவங்களை மட்டும் நெருக்கிக்கிட்டு இருக்கார். இப்படிப்பட்ட ஒருத்தரை வெளியேத்தலாம்னு இன்னிக்கு நீங்க தீர்ப்புக் குடுத்தா, நாளைக்கு இந்தக் கட்டடத்துல யாருக்குப் பாதுகாப்பு?"

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தங்கள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். டைரக்டர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார்.

"அருமையா சொன்னீங்க டாக்டர். நம்ம பெட்டி ஆரம்பிச்சு அம்பது வருஷமாச்சு. இந்த அம்பது வருஷத்துல அனுமதியில்லாம ஒரு பல்லைக் கூட நாம தொட்டதில்லை. அனுமதிக்குக் காத்திருந்த எத்தனையோ பேர் முப்பத்திரண்டு பல்லும் அப்படியே இருக்கச் செத்துப் போயிருக்காங்க. எந்த ஆஸ்பத்திரி இப்படிச் சொல்லிக்க முடியும்? விழா மலர்ல இந்தப் புள்ளிவிவரத்தைப் பெரிய எழுத்துல போடச் சொல்லியிருக்கேன்." கைதட்டினார்கள். "இந்த வழக்கை அவசரமா முடிக்கறது அழகில்லை. பொன்விழா முடியட்டும், அப்புறம் பாப்போம்."

"டாக்டர், அந்த விழாவுலதான் நான் ஊதணும்" என்றான் ருஃபினோ.

"தாராளமா ஊதுங்க. யார் தடுத்தாங்க?" என்றார் டைரக்டர், உண்மையான ஆச்சரியத்தோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் மிர்த்தா தன் தங்கையின் முடிவெட்டும் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ருஃபினோவையும் நில்டாவையும் வரச்சொன்னாள். பின்னால் சாய்க்கிற நாற்காலி அங்கேதான் இருந்தது. கதவைச் சாத்தி, ஊசி போட்டு, நில்டாவின் கையில் விளக்கைக் கொடுத்தாள். நில்டா ஒருமுறை கூட முகத்தைத் திருப்பவில்லை. இருபத்தைந்து நிமிஷத்தில் பல் இரண்டு துண்டாக வெளியே வந்தது. மூன்று தையல் போட்டாள்.

"இதை நான் எடுத்தேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும். வீட்டுல ரெண்டு பசங்க, அவங்க அப்பன் இல்ல. எங்கயும் வாயைத் திறக்காதீங்க" என்றாள்.

"இப்பதான் திறக்க முடியுது, அதுக்குள்ள மூடச் சொல்றீங்க" என்று சொல்ல முயன்றான் ருஃபினோ. உதடு மரத்திருந்ததால் எச்சில்தான் வந்தது. பல்லை நில்டா தெருவில் வீசினாள். ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மூன்று வாரத்தில் ஈறு ஆறிவிட்டது. பொன்விழா அன்று நகராட்சி அரங்கத்தில் அமைச்சர் வந்து உட்கார்ந்தார். ஐந்து டாக்டர்கள் ஐந்து சொற்பொழிவு செய்தார்கள். பிறகு பேண்ட் மாஸ்டர் கையைத் தூக்கினார், ருஃபினோ எழுந்து நின்று ஊதினான். வலியே இல்லை. மேல் சுரத்தைப் பிடித்து அவன் இஷ்டத்துக்கு நிறுத்தி வைத்தான், அது அரங்கத்தின் கடைசி வரிசை வரைக்கும் போய் நின்றது. நில்டா அழுதுவிட்டாள். ஃப்ரெடி கூடக் கைதட்டினான், ஒரு தட்டு முன்னே பின்னே இருந்தாலும். பதினெட்டு வருஷம் காத்திருந்ததற்கு இது போதும் என்று ருஃபினோவுக்குத் தோன்றியது.

முதல் வரிசையில் இருந்த டாக்டர் குவால்பெர்த்தோ மட்டும் கைதட்டவில்லை. அவர் ருஃபினோவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். அதே நீள மேசை. நாலாவது மாடியில் வெள்ளையடிக்கிறார்கள் என்பதால் மேசையைக் கீழே, ஏழாம் ஜன்னலுக்குப் பின்னாலிருக்கும் அறையில் போட்டிருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. வெளியே வழக்கம்போல் அறுபது எழுபது பேர் எண் போட்ட சீட்டோடு வரிசையில் நின்றார்கள்.

"தகராறுக்கு உரிய பொருள் எங்க?" என்றார் டாக்டர் குவால்பெர்த்தோ.

"தானா விழுந்துடுச்சு டாக்டர்."

"ஈறுக்கு அடியில படுத்திருந்தது தானா எழுந்து விழுந்துச்சா?"

"அதுவும் எத்தனை நாள்தான் காத்திருக்கும்? அலுத்துப் போயிருக்கும்."

"யார் எடுத்தா? பேரைச் சொல்லுங்க. சொன்னா உங்களை விட்டுடறோம்" என்றார் டைரக்டர்.

ருஃபினோ சொல்லவில்லை. மூன்று முறை கேட்டார்கள், மூன்று முறையும் தானாக விழுந்தது என்றான். கடைசியில் சான்றுக்காக மிர்த்தாவையே வரவழைத்தார்கள். அவள் அவன் வாய்க்குள் டார்ச் அடித்து, தன் கையால் போட்ட தையலின் தழும்பைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். 'பரிசோதித்தேன். ருஃபினோ கொந்தார்க்கோவுக்கு ஹுயிசியோ இல்லை.'

டைரக்டர் ஏற்கனவே தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை நகர்த்தினார். பெட்டியின் வழக்குப் பொருளை அழித்த குற்றத்துக்காக நகராட்சி பேண்டிலிருந்து நீக்கம், சம்மதம் என்று அவனே கையெழுத்துப் போட வேண்டும். மேயர் அலுவலகத்தில் அதற்கு ஒருவரும் ஆட்சேபம் சொல்லவில்லை. ருஃபினோ பேனாவை எடுத்தான். மிர்த்தாவின் பெயரைச் சொன்னால் இந்தப் பேனாவைக் கீழே வைத்துவிடலாம் என்று அவனுக்குத் தெரியும். கையெழுத்துப் போடப் பேனா முனையைத் தாளில் ஊன்றினான்.

"நிறுத்துங்க!" டாக்டர் குவால்பெர்த்தோ பாய்ந்து தாளைப் பிடுங்கினார். கையில் மிர்த்தாவின் சான்று இருந்தது. "டைரக்டர், இவருக்கு ஹுயிசியோ இல்லைன்னு நம்ம டாக்டரே எழுதிக் குடுத்திருக்காங்க. ஹுயிசியோ இல்லேன்னா புத்தி இல்லை. புத்தி சுவாதீனம் இல்லாதவர் போட்ட கையெழுத்து செல்லாது."

"அப்ப இவர் பொண்டாட்டியக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்க."

"பொண்டாட்டியக் காப்பாளரா நியமிக்கணும்னா அதுக்கு ஒரு ஹுயிசியோ நடத்தணும்."

"நடத்துங்களேன்!"

"எப்படி நடத்தறது? இவருக்கு ஹுயிசியோ இல்லைன்னு இப்பத்தானே சான்று வாங்கினோம்? ஃபைல் நம்பர் கூடப் போட்டாச்சு."

டைரக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப இந்த ஆளை எப்படித்தான் வேலைய விட்டுத் தூக்கறது?"

"தூக்க முடியாது. இவர் செய்யறதுக்கும் சொல்றதுக்கும் இவர் பொறுப்பில்லை. சாகற வரைக்கும் முதல் ட்ரம்பெட்தான்."

ருஃபினோ பேனாவை மூடி மேசையில் வைத்தான்.

"ஒரு சந்தேகம் டாக்டர். இனிமே நான் என்ன பேசினாலும் செல்லாதா?"

"செல்லாது."

"யாரையாவது திட்டினா?"

"அதுவும் செல்லாது. புத்தி இல்லாதவன் திட்டினதா எடுத்துக்கணும்."

ருஃபினோ எழுந்து நின்றான். ட்ரம்பெட் ஊதுகிறவனின் நுரையீரல் அவனுக்கு. டைரக்டரில் ஆரம்பித்தான். அவன் பேசியதில் பாதி அவன் வீட்டில் பேசும் கெச்சுவா மொழியில் இருந்தது, அச்சில் போட முடியாதது. மீதியை அந்தக் கட்டடம் திறந்த நாளிலிருந்து யாரும் அந்தச் சுவருக்குள் சொன்னதில்லை.

"வலியோட வர்றவனுக்கு நம்பர் குடுக்கறீங்க. வலி போச்சான்னு கேக்கறீங்களா? நம்பர் சரியா இருக்கான்னு கேக்கறீங்க. என் பக்கத்து வீட்டுல எஸ்தெபான்னு ஒருத்தர், இந்த ஊர்த் தெருவை எல்லாம் கூட்டினவர். கிட்னிக்கு அனுமதி கேட்டு ஏழு மாசம் இந்த ஜன்னல்ல நின்னார். செத்து ரெண்டு வாரம் கழிச்சு அனுமதி வந்துச்சு. அவர் பொண்டாட்டி அதைக் கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டி வெச்சிருக்கா, தெரியுமா? இவ்வளவு அழகான முத்திரைய அவ அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லையாம். டாக்டர், டாக்டர்னு கூப்பிடறோமே, உங்கள்ள ஒருத்தராவது ஒருத்தனோட கையப் பிடிச்சு எங்க வலிக்குதுன்னு கேட்டிருக்கீங்களா? வெக்கமா இல்ல? சோறு எறங்குதா உங்களுக்கு?"

இருபது நிமிஷம் பேசினான். மிர்த்தாவின் பெயரைத் தவிர எல்லாவற்றையும் சொன்னான். டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். குறிப்பு எழுதுகிறவன் நடுவில் தலைதூக்கி, "இதையெல்லாம் எழுதணுமா டாக்டர்?" என்றான். "வேண்டாம், புத்தி இருக்கற யாராவது வந்து சொன்னா எழுதிக்கலாம்" என்றார் டாக்டர் குவால்பெர்த்தோ.

வெளியே வரிசை அப்படியே அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்னால் நின்ற ஒருவர், ஒடிந்த கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தவர், மெதுவாக வந்து கதவுக்குள் தலையை நீட்டினார்.

"நல்லா சொன்னீங்கண்ணே, அத்தனையும் எங்க மனசுல இருக்கறது" என்றார். "ஆனா கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அந்தம்மா நம்பர் கூப்பிடறது காதுல விழ மாட்டேங்குது."